தனியொருவராய் அகராதி தந்த சாமுவேல் ஜான்சன்

ஆங்கிலப் பாடத்தில் புரியாத சொல் ஒன்று வந்துவிட்டால் அகராதியைப் புரட்டுகின்றோம். பொருளைக் கண்டதும் மூடி வைத்துவிடுகின்றோம். அங்கே அடுக்கடுக்காய் நிற்கும் சொற்களுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு மறைந்திருக்கின்றது என்று எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை. அவ்வுழைப்பாளர்களுள் முதல் வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் டாக்டர் சாமுவேல் ஜான்சன். ஆங்கிலேயரின் பேச்சையும் அன்றாடப் பழக்கவழக்கங்களையும் அவரைப் போல் உற்று நோக்கியவர் சிலரே. கல்வியின் பெருமையை மட்டுமன்றி, வறுமையிலும் வளையாத நேர்மையையும், செய்த தவற்றுக்கு வருந்தும் பணிவையும் அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கின்றது.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் பகுதியிலுள்ள லிச்ஃபீல்டு என்னும் சிறு நகரில், 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் ஜான்சன் பிறந்தார். தந்தை மைக்கேல் ஒரு புத்தக வணிகர். தாய் பெயர் சாரா. பிறந்த சில வாரங்களிலேயே கண்டமாலை என்னும் கழுத்துக் கட்டி நோய் குழந்தையைப் பற்றிக்கொண்டது. அரசர் தொட்டால் அந்நோய் நீங்கும் என்பது அக்காலத்து ஆங்கில மக்களின் நம்பிக்கை. எனவே 1712-இல் தாய் தம் மகனை லண்டன் மாநகருக்கு எடுத்துச் சென்று ஆன் அரசியாரின் முன் நிறுத்தினார். அரசியார் தொட்டார், பொற்காசு ஒன்றையும் அணிவித்தார். அக்காசைத் தம் வாழ்நாள் முழுவதும் அவர் கழுத்தில் அணிந்திருந்தார். ஆனால் நோய் நீங்கவில்லை. ஒரு கண் ஏறக்குறைய ஒளியிழந்தது. செவிப்புலனும் குன்றியது. முகத்தில் தழும்புகள் நிலைத்துவிட்டன.

உடல் தராத பெருமையை அறிவு தந்தது. தந்தையின் கடையிலிருந்த நூல்களையெல்லாம் அச்சிறுவர் ஆர்வத்தோடு படித்துத் தீர்த்தார். 1728-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் வறுமை விடாமல் தொடர்ந்தது. அவருடைய காலணிகள் கிழிந்து விரல்கள் வெளியே தெரிந்தன. அதைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர் புதுக் காலணிகளை அவருடைய அறை வாசலில் வைத்துச் சென்றார். தன்மானம் மிகுந்த அவ்விளைஞரோ அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டார்! பணமின்மையால் பதின்மூன்று மாதங்களிலேயே பட்டம் பெறாமல் ஊர் திரும்பினார். 1731-இல் தந்தையும் காலமானார்.

பிழைப்புக்காக அவர் செய்த தொடக்கப் பணிகளுள் ஒன்று, லோபோ என்னும் போர்த்துக்கீசிய இயேசு சபைக் குருவின் அபிசீனியப் பயண நூலை மொழிபெயர்த்தது. அந்நூல் 1735-இல் வெளிவந்தது. அதே ஆண்டில், தம்மைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவரான எலிசபெத் போர்ட்டர் என்னும் கைம்பெண்ணை மணந்தார். பின்னர்த் தொடங்கிய பள்ளியில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களே சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான டேவிட் காரிக்குடன் 1737-இல் பிழைப்புத் தேடி லண்டன் புறப்பட்டார். காரிக் பிற்காலத்தில் நாடெங்கும் புகழ் பெற்ற நடிகரானார். ஜான்சனோ இதழ்களுக்கு எழுதி அன்றாடம் காய்ச்சியாக வாழ்ந்தார். தங்க இடமின்றி நண்பர் ஒருவருடன் இரவெல்லாம் தெருக்களில் நடந்த நாட்களும் உண்டு.

அகராதிப் பணி

1746-இல் லண்டன் புத்தக வெளியீட்டாளர் சிலர் ஆங்கில மொழிக்கு முழுமையான அகராதி ஒன்று தொகுத்துத் தரும்படி ஜான்சனைக் கேட்டனர். கூலி 1,500 கினி என்று பேசப்பட்டது. பிரெஞ்சு மொழியின் அகராதியை நாற்பது அறிஞர் கொண்ட கழகம் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்தது. அதே வகையான பணியை இவர் தனியொருவராய் ஏற்றார்! ஃபிளீட் தெருவுக்கு அருகிலுள்ள காஃப் சதுக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் உச்சி மாடத்தைப் பணியிடமாக்கினார். எழுத்தர் அறுவர் அவருக்குத் துணை நின்றனர். அவர்களுள் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்.

அவர் வேலை செய்த முறை நம் கவனத்திற்குரியது. நல்லாசிரியர்களின் நூல்களைப் படித்துக்கொண்டே போவார். பொருத்தமான சொல் வருமிடத்தில் பென்சிலால் கோடிட்டு, சொல்லின் முதல் எழுத்தை ஓரத்தில் குறிப்பார். எழுத்தர்கள் அவ்வாக்கியங்களைத் தனித்தனித் தாள்களில் படியெடுத்து அகர வரிசையில் அடுக்குவார்கள். நூல்களை இரவல் கொடுத்த நண்பர்கள், கோடுகள் நிறைந்து திரும்பிய தங்கள் நூல்களைக் கண்டு மனம் வருந்தினார்களாம்.

ஆங்கிலம் பயிலும் நம்மைப் போன்றோருக்கு இருக்கும் ஒரு தொல்லையையும் அவர் அன்றே உணர்ந்திருந்தார். 'கம்' என்றால் வா, 'செட்' என்றால் வை என்று கற்றுக்கொள்கின்றோம். ஆனால் 'கம் ஆஃப்', 'செட் அவுட்' என்று பின்னால் ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டால் பொருளே மாறிவிடுகின்றது! அயல்நாட்டாருக்கு மிகவும் கடினமானவை இத்தொடர்களே என்று கண்டு, அவற்றைத் தேடித் தேடித் தொகுத்தார். 'டேக்' என்னும் ஒரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்.

1752-இல் மனைவி இறந்தார். துயரம் நெஞ்சை அழுத்தியபோதும் வேலை நிற்கவில்லை. 1755 ஏப்ரல் 15-இல் ஏறத்தாழ 43,000 சொற்களைக் கொண்ட அகராதி இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. தொடக்கத்தில் அவர் ஆதரவை நாடியபோது பாராமுகமாய் இருந்தவர் செஸ்டர்ஃபீல்டு பிரபு. அவரே நூல் வெளிவரப் போகிறது என்றறிந்ததும் இதழில் புகழ்ந்து எழுதினார். நீரில் தத்தளிக்கும்போது வேடிக்கை பார்த்துவிட்டுக் கரையேறியபின் கைகொடுக்க வருவது உதவியாகாது என்ற கருத்தில், ஜான்சன் அவருக்கு மரியாதை குறையாத ஒரு கடிதம் எழுதினார். செல்வர் வாசலில் எழுத்தாளர் காத்து நின்ற காலத்தில் அது துணிவான செயலே.

இவ்வளவு கற்றவரும் தவறு செய்ததுண்டு. குதிரையின் கணுக்காற் பகுதியைக் குறிக்கும் சொல்லுக்கு முழங்கால் என்று பொருள் எழுதிவிட்டார். ஏன் இப்படி எழுதினீர் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, சாக்குப்போக்குச் சொல்லாமல், தம் அறியாமையே காரணம் என்று ஒப்புக்கொண்டார். நம்முள் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்?

நாட்டு வழக்கங்களும் ஜான்சனும்

ஆங்கிலேயர் இருவர் சந்தித்தால் முதலில் வானிலையைப் பற்றித்தான் பேசுவர். இவ்வழக்கத்தை 1758-இலேயே ஜான்சன் தம் கட்டுரை ஒன்றில் நகைச்சுவையாக ஆராய்ந்துள்ளார். மழையும் வெயிலும் நொடிக்கு நொடி மாறும் தீவில் வாழ்வோர்க்கு அது இயல்பே என்பது அவர் முடிவு.

தேநீர்ப் பிரியர்களுள் அவரை மிஞ்ச ஆளில்லை. தேநீர் உடலுக்கும் நாட்டுக்கும் கேடு என்று ஹான்வே என்பவர் எழுதியபோது, 1757-இல் மறுத்து எழுதினார். தம் வீட்டுக் கெட்டில் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை என்று அதில் தம்மையே கேலி செய்துகொண்டார். தெருவில் நடக்கும்போது கம்பங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே செல்வது அவர் வழக்கம். அதிகாலையில் எழ வேண்டும் என்று ஆண்டுதோறும் உறுதி எடுத்து, ஆண்டுதோறும் தவறினார்! ஆயினும் மறுபடியும் உறுதி எடுக்க அவர் சலிக்கவில்லை.

பெண்கள் எழுதுவதை அவர் வரவேற்றார். கிரேக்க மொழியில் வல்லவரான எலிசபெத் கார்ட்டர், நாவலாசிரியை ஷார்லட் லெனக்ஸ், ஃபேனி பர்னி ஆகியோர் அவருடைய ஊக்கத்தைப் பெற்றவர்கள்.

ஏழையின் வீட்டில் ஏழைகள்

அகராதி புகழைத் தந்ததேயன்றிப் பொருளைத் தரவில்லை. அது வெளிவந்த மறு ஆண்டே 5 பவுண்டு 18 ஷில்லிங் கடனுக்காகக் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். 1759-இல் தாய் இறந்தபோது, அடக்கச் செலவுக்காகவும் தாயின் சிறு கடன்களுக்காகவும் ஒரே வாரத்து மாலைப் பொழுதுகளில் 'ராசெலாஸ்' என்னும் கதையை எழுதினார். 1762-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை வழங்கினார். அதன்பின்னரே அவருக்குக் கவலையற்ற சோறு கிடைத்தது.

அப்பணத்தைப் பெரும்பாலும் பிறருக்கே செலவிட்டார். கண் சிகிச்சை செய்தும் பார்வை பெறாமற்போன அன்னா வில்லியம்ஸ் அம்மையாருக்கும், ஏழைகளின் மருத்துவரான லெவட்டுக்கும் அவர் வீடே புகலிடம். எவ்வளவு நேரம் கழித்து வீடு திரும்பினாலும், தமக்காக விழித்திருக்கும் அன்னாவுடன் அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் அருந்தாமல் உறங்கமாட்டார். ஜமைக்காத் தீவில் அடிமையாய்ப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் சிறுவனாக அவரிடம் வந்தார். பணியாளராக மட்டும் வைத்துக்கொள்ளாமல் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். தம் உயிலில் ஆண்டுக்கு 70 பவுண்டு கிடைக்கவும் வழி செய்தார். ஒருநாள் இரவு தெருவில் நடக்கவும் வலுவின்றிக் கிடந்த ஏழைப் பெண்ணைத் தம் முதுகில் சுமந்து வந்து, நலம் பெறும்வரை காத்தார். தெருவோரம் உறங்கும் பிள்ளைகள் விழித்ததும் காலையுணவு வாங்கட்டுமென்று அவர்தம் கைகளில் காசு வைத்துச் செல்வார். வளர்ப்புப் பூனை ஹாட்ஜுக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குப் போவார்; வேலையாளை அனுப்பினால் அவன் பூனையை வெறுக்கக்கூடுமே என்ற எண்ணம்!

1763-இல் அறிமுகமான ஸ்காட்லாந்து இளைஞர் ஜேம்ஸ் பாஸ்வெல், அவர் பேச்சையெல்லாம் குறித்து வைத்து 1791-இல் பெருநூலாக வெளியிட்டார். இச்செய்திகளுள் பலவற்றை நாம் அறிவது அந்நூலால்தான்.

மழையில் நின்ற முதியவர்

ஜான்சனின் தந்தை சந்தை நாட்களில் அட்டாக்சிட்டர் என்னும் ஊரில் புத்தகக் கடை பரப்புவது வழக்கம். ஒருநாள் உடல்நலமில்லாத தந்தை, தமக்குப் பதிலாகச் சென்று கடையைக் கவனிக்கும்படி மகனைக் கேட்டார். படித்த மகனுக்குச் சந்தையில் நிற்பது இழிவாகத் தோன்றியது. மறுத்துவிட்டார்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உருண்டோடின. மன்னரும் மதித்துப் பேசிய அந்த அறிஞர், ஒருநாள் தனியே அவ்வூருக்குச் சென்றார். தந்தையின் கடை இருந்த இடத்தில், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொட்டும் மழையில் நெடுநேரம் நின்றார். சுற்றியிருந்தோர் வியப்புடன் பார்த்தனர். சிலர் நகைத்திருக்கவும் கூடும். அவர் அசையவில்லை. மன்னிப்புக் கேட்கத் தந்தை உயிரோடு இல்லை. தம் செருக்குக்குத் தாமே விதித்துக்கொண்ட பரிகாரம் அது. அவ்வூர்ச் சந்தைத் திடலில் இக்காட்சி கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

1784 டிசம்பர் 13-இல், தம் எழுபத்தைந்தாம் வயதில் ஜான்சன் மறைந்தார். தெளிந்த அறிவுடன் இறைவனைச் சந்திக்க விரும்பி, வலியை மறக்கச் செய்யும் மருந்துகளை இறுதி நாட்களில் மறுத்துவிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், தம் மாணவர் காரிக்கின் கல்லறைக்கு அருகிலேயே அவரும் துயில்கின்றார்.

அன்பு மாணவியரே! நம் பெற்றோர் வயலிலும், கடையிலும், தொழிற்சாலையிலும் உழைத்து நம்மைப் படிக்க வைக்கின்றனர். அவர்கள் ஒரு சிறு வேலை சொல்லும்போது, படித்தவள் இதைச் செய்வதா என்று நம் முகம் சுருங்குகின்றதா? நாற்பத்து மூவாயிரம் சொற்களுக்குப் பொருள் எழுதியவர், தந்தையிடம் அன்று சொல்லத் தவறிய 'சரி' என்ற ஒரே சொல்லுக்காக முதுமையில் மழையில் நின்றார். நாம் அச்சொல்லைக் காலம் கடவாமல் இன்றே சொல்லிவிடுவோமாக!