செல்லம் ராஜா என்று பெயர் வாங்கிய மன்னர்

குண்டசாலையில் பக்கத்து வீட்டு சிங்களப் பெரியவரிடம் இந்த ஊரின் பழைய மன்னரைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார். பிறகு, செல்லம் நிரிந்து என்பார். சிங்களத்தில் செல்லம் என்றால் விளையாட்டு. எமது தமிழ்க் காதுக்கு அது செல்லப்பிள்ளை என்று கேட்கும். இரண்டுமே ஏளனம்தான்.

அவர் பெயர் ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன். 1707இல் தந்தை இரண்டாம் விமலதர்மசூரியன் இறந்தபோது இவருக்கு வயது பதினேழு. பதினேழு வயதில் ஒரு இராச்சியமும் அதன் செல்வமும் கைக்கு வந்தால் ஊர் என்ன பேசும்? இன்று பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவர் புதுக் காரில் இறங்கினால் முகநூலில் எழுதுவதைத்தான் அன்றும் பேசியிருப்பார்கள். அந்தக் காலத்தில் பத்திரிகை இல்லை. வாய்தான் ஊடகம்.

அரண்மனைக்குள் நடந்தது வேறு. ஆட்சிக்கு வந்து இரண்டே வருடத்தில், 1709இல், பிரதானிகள் சிலர் அவரை நீக்கிவிட்டு இன்னொருவரை அரசனாக்கச் சதி செய்தார்கள். அதை அடக்கிவிட்டு மொத்தம் 32 வருடங்கள் ஆண்டார். கரையோரத் துறைமுகங்கள் ஒல்லாந்தர் கையில். மதுரையிலிருந்து மணப்பெண்ணை அழைத்துவருவதற்கும் அவர்களின் தயவு தேவைப்பட்ட காலம் அது. விளையாட்டுப் பிள்ளையால் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

கண்டி நகரை விட்டு, மகாவலிக்கு அருகே இந்தக் குண்டசாலைத் தென்னந்தோப்பில் அவர் மாளிகை கட்டிக் குடியிருந்தார். பட்டப்பெயருக்கு அதுவும் தீனி போட்டிருக்கும். ஆனால் தலதா மாளிகையை இரண்டு மாடியாகப் புதிதாகக் கட்டி, சுவரில் 32 ஜாதகக் கதைகளைத் தீட்டச் செய்தவரும் இவர்தான். வெலிவிட்ட சரணங்கர தேரர் சாரார்த்த சங்கிரகம் எழுதியது இவர் கேட்டுக்கொண்டதால். அதேவேளை கத்தோலிக்க குரு ஜாக்கோமே கொன்சால்வெஸுக்கும் அரசவையில் இடம் கொடுத்தார். இவர் ஆட்சியில்தான், 1711இல், ஜோசப் வாஸ் அடிகள் கண்டியில் அமைதியாகக் கண்மூடினார். மாற்று மதத்தவரை இப்படி வாழவிட்ட ஒருவரைப் பற்றி, தவளம் மாடுகளோடும் வைத்தியத்தோடும் கண்டி மன்னர்களின் நிழலில் வாழ்ந்த எமது சமூகத்தவர் ஒரு கட்டுரைகூட எழுதாதது எனக்கு வருத்தம்தான்.

அவரை நான் மகானாக்க வரவில்லை. சரணங்கர தேரரின் ஆசிரியரான சூரியகொட தேரருக்கு மரண தண்டனை கொடுத்தவரும் இவரே. குறை சொல்வதானால் அதைச் சொல்லியிருக்கலாம். ஊர் சொன்னதோ விளையாட்டையும் பெண்களையும்!

சூளவம்சத்தில் இவரைப் பற்றிய பகுதி முழுக்கப் புகழ்ச்சி. அதை ஓலையில் எழுதியவர்கள் பிக்குகள், படித்தவர்களும் பிக்குகள். பட்டப்பெயருக்கு ஓலை தேவைப்படவில்லை.

2018 மார்ச்சில் எமது பிரதேசத்தின் திகனையில் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்தபோது, வதந்தி எந்த வேகத்தில் ஓடும் என்று கண்ணால் பார்த்தோம். அதற்கு முகநூல் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. இவ்வளவையும் பட்ட பிறகும், போன வருடம் எமது ஊர் இளம் வியாபாரி ஒருவரின் கல்யாணச் செலவைக் கிண்டலடித்த பதிவொன்றை நானே பகிர்ந்தேன். மணப்பெண் வீட்டார் ஏழைகள் என்பதும் முழுச் செலவையும் மாப்பிள்ளையே ஏற்றுக்கொண்டார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பதிவை அழித்தேன். அதற்குள் நாற்பது பேர் பகிர்ந்திருந்தார்கள். அவரை இப்போதும் அந்தப் பதிவிலிருந்த பெயரால்தான் கூப்பிடுகிறார்கள்.

நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தார். பட்டத்தரசிகள் மூலம் வாரிசு இல்லை. இன்னொரு மனைவியின் மகனான உனம்புவ பண்டாரவை ஒதுக்கிவிட்டு, அரசியின் சகோதரரை அரியணையில் ஏற்றினார்கள். கண்டியின் கடைசிச் சிங்கள மன்னர் இவர்தான் என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். தெரியும் என்றார். தெரிந்தும் அடுத்த வாக்கியத்தில் மறுபடி செல்லம் நிரிந்துதான்.