கபிலர்
கபிலர் சங்ககாலப் புலவர்களுள் ஒருவர். 99 மலர்களைப் பெயர் சுட்டும் குறிஞ்சிப்பாட்டு இவர் இயற்றியது.

இவர் பறம்புமலைத் தலைவன் பாரியின் நண்பர். மூவேந்தர் பகையால் பாரி இறந்தபின், அவனுடைய மகளிரை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டினார், இருவரும் மறுத்தனர்.

கபிலரின் முடிவு குறித்து இருவேறு செய்திகள் உள்ளன. அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்து வடக்கிருந்தார் என்பது புறநானூற்றின் பழங்குறிப்பு. பாரிமகளை மலையமானுக்கு மணமுடித்துத் தீப்புகுந்தார் என்பது, திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் (985–1014) காலக் கல்வெட்டு.

அங்கே தென்பெண்ணையாற்றின் நடுவிலுள்ள பாறை கபிலர் குன்று எனப்படுகிறது. ஆற்றின் வடகரையிலுள்ள அரகண்டநல்லூர் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தென்கரையிலுள்ள திருக்கோவலூர் 2019 இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துடன் இணைந்தது.