மணியோசைக்காக ஏங்கிய புனிதை

தியானத்திற்கென அமர்ந்ததும் மனம் சந்தைக்கும் சமையலறைக்கும் ஓடிவிடுகின்றது. சில நாட்களில் அமர்வதற்கே மனம் இசைவதில்லை. இது நம்மவர் வீடுகளில் மட்டும் காணப்படும் குறையன்று. செபத்தின் ஆசிரியை எனத் திருச்சபை போற்றும் அவிலா நகர்ப் புனித தெரேசாவும் நெடுங்காலம் இதனோடு போராடினார்.

1515ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் பிறந்த தெரேசா, இருபதாவது வயதில் அவிலாவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் நோய் அவரை வாட்டியது. சிகிச்சைக்காகச் செல்லும் வழியில் தந்தையின் சகோதரர் கொடுத்த ஒரு நூலே அவருக்கு மௌன தியானத்தைக் கற்றுக்கொடுத்தது. 1539இல் அவர் நான்கு நாட்கள் நினைவிழந்து கிடந்தார். மடத்தில் அவருக்கெனக் குழியும் தோண்டப்பட்டது. உயிர் பிழைத்தும் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்தார். பின்னர் எழுந்து நடந்ததைப் புனித சூசையப்பரின் பரிந்துரையால் கிடைத்த அருளென்றே அவர் நம்பினார்.

நோயில் தியானத்தைப் பற்றிக்கொண்டிருந்தவர், சுகம் பெற்ற பின்னர் அதனைக் கைவிட்டமைதான் விந்தை. மடத்தின் சந்திப்பறையில் விருந்தினரோடு அளவளாவுவதில் நாட்கள் கழிந்தன. இத்தகைய வாழ்வு வாழும் தாம் ஆண்டவரோடு தனித்திருக்கத் தகுதியற்றவர் என எண்ணி, ஓராண்டுக்கும் மேலாக வாய்ச்செபங்களோடு மட்டும் நின்றுகொண்டார். அதனைத் தாழ்ச்சி என்றே கருதினார். அலகையின் கொடிய வஞ்சனை அதுவே எனப் பின்னாளில் எழுதினார். தியானத்தைத் தந்தைக்குக் கற்றுக்கொடுத்தவரும் இவரே. தாம் அதனை விட்டுவிட்டதை அவரிடம் ஒப்புக்கொண்டபோது, உடல்நலக்குறைவைக் காரணம் காட்டினார். மகளின் சொல்லை நம்பிய தந்தை அவர்மீது இரக்கமே கொண்டார். படித்த பாடத்தில் மாணவர் முன்னேற, ஆசிரியை பின்தங்கி நின்றார்.

1543இல் தந்தை மரணப்படுக்கையில் கிடந்தபோது தெரேசா அருகிலிருந்து பணிவிடை செய்தார். தந்தையின் ஆன்ம குருவான டொமினிக்கன் சபைத் துறவி வின்சென்ட் பாரோனிடம் தம் நிலையைத் திறந்து கூறினார். எக்காரணம் கொண்டும் தியானத்தை விடலாகாது என்பதே அவரது அறிவுரை. அன்று தொடங்கியதை அவர் மீண்டும் நிறுத்தவில்லை.

ஆயினும் இன்பம் உடனே வந்துவிடவில்லை. செபக்கூடத்தினுள் நுழையும்போதே துயரம் கவ்வும். அமர்ந்தாலோ, நேரம் முடிந்ததென மணி எப்போது அடிக்கும் எனச் செவி காத்திருக்கும். எந்தக் கடுந்தவத்தையும் அதைவிட எளிதாக ஏற்றிருப்பேன் என்ற பொருளில் அவர் தம் சரிதையில் எழுதியுள்ளார். வறட்சியும் போராட்டமுமாகக் கழிந்த ஆண்டுகள் பதினெட்டுக்கு மேல் என்பதும் அவர் கணக்கு. தம்மை வற்புறுத்தி அமர்ந்த நாட்களில், விரும்பி அமர்ந்த நாட்களைவிட அதிக அமைதி கிட்டியதையும் அவர் கண்டார். கற்பனையில் காட்சிகளை விரிக்கும் திறன் அவருக்குக் குறைவு. எனவே சிறுசிறு ஊன்றுகோல்களைத் தேடிக்கொண்டார். நன்மை வாங்கிய நேரம் தவிர, கையில் நூலின்றித் தியானத்திற்கு அமரத் துணிந்ததில்லை. பலவேளை அதனைத் திறந்து வைப்பதே போதுமாயிற்று. வயலும் நீரும் மலர்களும் உதவின. உறங்குமுன் கெத்சமனித் தோட்டத்தில் தனித்திருந்த இயேசுவை நினைப்பது, துறவியாகுமுன்னரே தொடங்கிய அவரது வழக்கம்.

1554இல், முப்பத்தொன்பதாம் வயதில், மடத்தில் வைக்கப்பட்டிருந்த காயமுற்ற கிறிஸ்துவின் சுரூபத்தின் முன் விழுந்து அழுதார். அதன்பின் அவரது செபம் புதுப்பாதையில் சென்றது. 1562இல் அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தை நிறுவினார். மணி அடிக்காதா என ஏங்கிய அதே தெரேசா, அங்கு காலையில் ஒரு மணிநேரமும் மாலையில் ஒரு மணிநேரமும் மௌன தியானத்திற்கென ஒதுக்கினார். புதிய மடங்களை நிறுவ மூடுவண்டிகளில் நெடும்பயணம் செய்த நாட்களிலும் அவ்வொழுங்கு தவறவில்லை. வண்டிக்குள் சிறுமணி ஒலிக்கும். பேச்சு நின்று, சகோதரிகள் செபத்தில் அமர்வர்.