தொழிலாளர்களின் டாக்டர் ராமசினி

வாழ்க்கை வரலாறு என்றால் காந்தி, காமராஜர், கலாம் என்றுதான் எழுதுவோம். இந்த முறை நான் ஓர் இத்தாலி நாட்டு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

பெர்னார்டினோ ராமசினி 1633-இல் கார்ப்பி என்ற ஊரில் பிறந்தார். பார்மாவில் மருத்துவம் படித்து, மோதெனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஒருநாள் அவர் வீட்டுக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளி, கொஞ்சமும் ஓயாமல் வேலை செய்தார். ஏன் இவ்வளவு அவசரம் என்று ராமசினி கேட்டார். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றார் தொழிலாளி. அது ராமசினியின் மனதைத் தைத்தது. அதன் பிறகு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். தோல் பதனிடும் இடத்தையும் விடவில்லை.

1700-இல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றிப் புத்தகம் எழுதினார். துணி தைப்பவரும் செருப்பு தைப்பவரும் குனிந்தே உட்கார்ந்து கூன் விழுவதையும், நின்றே வேலை செய்பவர்க்குக் காலில் நரம்பு சுருட்டுவதையும் அதில் சொன்னார். எழுதி எழுதியே ஒருவருக்கு வலது கை விளங்காமல் போனது. இடது கையால் எழுதப் பழகினார். அதுவும் போச்சு! நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்பதே ராமசினி டாக்டர்களுக்குச் சொன்ன பாடம். 1713-இல் புத்தகத்தை விரிவாக்கி வெளியிட்டார். மறு ஆண்டு பாதுவா நகரில் காலமானார்.

அவர் தொடங்கியதைப் பிறகு வந்தவர்கள் வளர்த்தார்கள். 1993-இல் இங்கிலாந்தில் ரூலா என்ற முறை வந்தது. கழுத்து, முதுகு, கை, மணிக்கட்டு எவ்வளவு வளைகிறது என்று பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார்கள். நம் பரீட்சை மாதிரி இல்லை. 7 வாங்கினால் உடனே வேலை முறையை மாற்ற வேண்டும்!

இப்போ காரணம் சொல்றேன். எங்கம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் கையால் தைக்கிறாங்க. தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, ஊசியை இழுத்து இழுத்துத் தைப்பாங்க. கழுத்து வலிக்கு டாக்டரிடம் போனோம். மாத்திரை, தைலம் கொடுத்தார். என்ன வேலை என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இப்போ அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, உயரமான பலகையில் வைத்துத் தைக்கிறாங்க. அரைமணிக்கு ஒருமுறை நான் எழுப்பி நடக்க வைக்கிறேன். வலி முழுசா போகலை, குறைஞ்சிருக்கு. அடுத்த முறை டாக்டர் கேட்காவிட்டாலும் வேலையை நாங்களே சொல்லிடுவோம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இன்று கேளுங்கள்: எப்படி உட்கார்ந்து வேலை செய்றீங்க, எங்கே வலிக்குது?

– 9-ஆம் வகுப்பு மாணவி, நாட்றம்பள்ளி