ப்ரெஸ்ஸானின் ஐம்பது

புதுசா மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள் எல்லோரும் இரண்டு மூன்று மாதத்தில் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்பார்கள். கூட வந்த கிட் லென்ஸ் ராத்திரியில் கைவிடுகிறது, பின்னணி மங்கவே மாட்டேங்குது, ஒரு ப்ரைம் லென்ஸ் வாங்கியாக வேண்டும். எது? 23-ஆ, 35-ஆ, 50-ஆ? எங்கள் போட்டோகிராபி கிளப்பில் இந்த வருடம் ஜூனியர்ஸ் கேட்டதில் பாதி இந்தக் கேள்விதான். நானும் இதே குழப்பத்தோடுதான் சுற்றிக்கொண்டிருந்தேன், சேர்த்து வைத்த காசு ஒரு லென்ஸுக்குத்தான் காணும். ரிவ்யூ வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியும் தெளியாத விஷயம், ஒரு பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் கொஞ்சம் தெளிந்தது. அவர் பெயர் ஹென்ரி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான்.

1908 ஆகஸ்ட் 22-ல், பாரிஸுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் நூல் தயாரிக்கும் தொழில், நல்ல வசதி. பையன் தொழிலைப் பார்த்துக்கொள்வான் என்று அப்பா நினைத்தார். பையனுக்கோ ஓவியம். ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் போய்ப் படித்தார். அங்கே கேமரா கிடையாது, எல்லாம் கோடு, கட்டம், விகிதம்தான். ஒரு சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற கணக்கு அவர் மண்டையில் ஏறியது அங்கேதான்.

பிறகு ஆப்பிரிக்காவுக்கு, ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். கடுமையான காய்ச்சல் வந்து சாவின் விளிம்புக்கே போய்விட்டார். தன் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்று தாத்தாவுக்கு எழுதிப் போட்டாராம். அதற்கெல்லாம் செலவு அதிகம், முதலில் உயிரோடு ஊருக்கு வந்து சேர் என்கிற மாதிரி வீட்டிலிருந்து பதில் வந்தது. நம்ம வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள், இல்லையா!

ஊர் திரும்பியவர் 1932-ல் மார்செய் நகரில் ஒரு லைக்கா வாங்கினார். அதில் இருந்தது 50 எம்எம் லென்ஸ். நாம் இன்றைக்கு காம்பாக்ட் மிரர்லெஸ் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தக் காலத்தில் அந்த இடத்தில் இருந்தது லைக்காதான். பத்திரிகைக்காரர்கள் கண்ணாடித் தகடு போடும் பெரிய கேமராக்களைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாட்களில் அது கோட்டுப் பைக்குள் போகும், ஒரு ரோலில் 36 படம் எடுக்கும். ப்ரெஸ்ஸான் அதன் பளபளப்பான உலோகப் பாகங்களையும் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிட்டார். எதிரில் நிற்பவர் கண்ணில் கேமரா படவே கூடாது.

அந்த 50-ஐ அவர் கடைசிவரை விடவில்லை. 35-உம் 90-உம் எப்போதாவது மாட்டியிருக்கிறார், ஆனால் பெரும்பாலான படங்கள் 50-ல்தான். இங்கே நம்மில் பலர் குழம்பும் ஒரு இடம் இருக்கிறது. அவருடைய ஃபிலிம் 36 x 24 எம்எம், அதாவது இன்றைய ஃபுல் ஃப்ரேம் அளவு. நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ்-சி சென்சார், அதைவிடச் சின்னது. அவர் பார்த்த அகலத்தை நாம் பார்க்க 33 முதல் 35 எம்எம் வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 25. 50 எம்எம் சீப்பா கிடைக்குது என்று ஏபிஎஸ்-சி கேமராவுக்கு வாங்கினால், அது 75 எம்எம் மாதிரிதான் பார்க்கும். போர்ட்ரெய்ட்டுக்கு அருமை, ஆனால் ஹாஸ்டல் ரூமுக்குள் சுவரில் முதுகு இடிக்கும்.

சரி, அவர் ஏன் 50-லேயே நின்றார்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 எம்எம்மில் இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால் ஃப்ரேமுக்குள் வருவது சுமார் 1.4 மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். ஒரு ஆள் இடுப்புக்கு மேலே முழுசாக வருவார், சுற்றி கொஞ்சம் இடமும் இருக்கும். கிட்டத்தட்ட நாம் ஒருவரோடு பேசும்போது நிற்கிற தூரம். பெர்ஸ்பெக்டிவ் நாம் நிற்கும் இடத்தால்தான் வருகிறது, லென்ஸால் இல்லை. லென்ஸ் செய்வதெல்லாம் உங்களை ஒரு இடத்தில் நிற்க வைப்பதுதான். ஸூம் இருந்தால் நின்ற இடத்திலேயே முறுக்குவோம். ப்ரைமில் நடந்தாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில், 1940-ல் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். அதற்கு முன்னாலேயே தன் லைக்காவை ஒரு பண்ணை நிலத்தில் புதைத்துவைத்திருந்தார். கைதியாக 35 மாதம். இரண்டு தடவை தப்பப் பார்த்து மாட்டிக்கொண்டு, மூன்றாவது தடவை 1943-ல் தப்பித்தார். போய்த் தோண்டி கேமராவை எடுத்தார். இதற்குள் அவர் செத்துவிட்டார் என்று நம்பி நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நினைவுக் கண்காட்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தது. உயிரோடு இருந்த மனுஷன் அதற்குத் தானே படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். 1947-ல் அது நடந்தது. அதே வருடம் ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ராட்ஜர் ஆகியோருடன் சேர்ந்து மேக்னம் ஏஜென்சியைத் தொடங்கினார்.

அங்கிருந்து நேராக நம் நாட்டுக்கு வந்தார். மனைவி ரத்னா மோஹினி ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர். 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்து அந்தக் கண்காட்சியின் புத்தகத்தைக் காட்டினார். விடைபெற்றுக் கிளம்பிச் சிறிது நேரத்தில் காந்தி சுடப்பட்டார். ப்ரெஸ்ஸான் திரும்பி ஓடினார். அந்த இரவில், வாசலில் கூடியிருந்த கூட்டத்துக்கு நேரு செய்தியைச் சொல்லும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு வெளிச்சம் மட்டும்தான், ஃபிளாஷ் இல்லை. ஷேக் ஆகியிருக்கிறது, க்ரெயின் அப்பியிருக்கிறது. எந்த லென்ஸ் ரிவ்யூவிலும் அந்தப் படம் பாஸ் ஆகாது. ஆனாலும் படம் இருக்கிறது. அதற்குக் காரணம் வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் ஒரு லென்ஸ். நம் கிட் லென்ஸ் முழு ஸூமில் எஃப் 5.6 வரைதான் திறக்கும், எஃப் 1.8 ப்ரைம் அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை விடும். நான் காசு சேர்க்கத் தொடங்கியதே இந்தப் பத்து மடங்குக்காகத்தான்.

1950-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார். மதுரையில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. எலும்பும் தோலுமான குழந்தையோடு ஒரு தாய், கூடவே ஒரு வண்டிச் சக்கரம். முதல் தடவை பார்த்தபோது காம்போசிஷனைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் அந்த இரண்டு மீட்டர் கணக்கு ஞாபகம் வந்தது. அவர் தெருவின் எதிர்ப்பக்கம் ஒளிந்து நின்று எடுக்கவில்லை, அந்த அம்மாவுக்கு முன்னாலேயே நின்றிருக்கிறார். அது மரியாதையா, இல்லை அத்துமீறலா என்று கிளப்பில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். டெலி லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்திருந்தால் இன்னும் மோசம் என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். 14-ஆம் தேதி இரவு, வானத்தில் ஒரு ஒளி மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைவதைப் பார்த்துக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8:47. ரமணர் இறந்த நேரமும் அதுதான்.

1952-ல் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது, அட்டையை வரைந்தவர் மத்தீஸ். 1954-ல் சோவியத் யூனியன். இப்படி இன்னும் இருபது வருடம் ஓடினார். படத்தை கிராப் செய்வது அவருக்குப் பிடிக்காது, எடுக்கும்போதே ஃப்ரேம் சரியாக இருக்க வேண்டும். ஆனால் அவருடைய மிகப் பிரபலமான படமே, 1932-ல் செயின்ட் லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் ஆள், கிராப் செய்யப்பட்டதுதான். வேலிப் பலகை இடுக்கு வழியாக எடுத்ததில் ஒரு பக்கம் மறைந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

எழுபதுகளில் கேமராவை ஏறக்குறைய ஓரம் கட்டிவிட்டு, ஆரம்பித்த இடத்துக்கே, பென்சிலுக்குத் திரும்பினார். 2004 ஆகஸ்ட் 3-ல் தெற்கு பிரான்சில் இறந்தார். வயது 95.

நான் இன்னும் லென்ஸ் வாங்கவில்லை. போன வாரம் என் கிட் லென்ஸை 35-ல் வைத்து, ஸூம் ரிங் அசையாதபடி கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். முதல் நாள் கேன்டீனில் நான்கு பேரை ஒரே ஃப்ரேமில் அடக்க முடியாமல் பின்னால் நடந்து கை கழுவும் இடத்தில் போய் இடித்துக்கொண்டேன். மூன்றாவது நாள் டீ மாஸ்டரை எடுக்கப் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. இரண்டு வருடமாக அவர் கடையில் டீ குடிக்கிறேன், அன்றைக்குத்தான் அவர் சொந்த ஊர் எது என்று கேட்டேன். டேப்பை இந்த வாரமும் பிரிக்கவில்லை.