ஒட்டுத் தெரியாத ஓவியர்!

காரைக்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் தரை முழுக்கப் பூவாக விரிந்து கிடக்கும். பக்கத்திலுள்ள ஆத்தங்குடி கிராமத்தில் கையாலேயே செய்யப்படும் கற்கள் அவை. கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் பூ வடிவக் கட்டங்களில் நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்துவார்கள். சூளையில் சுடுவது கிடையாது. தண்ணீரில் ஊற வைத்து உலர்த்தினால், பளபளவென்று கண்ணாடியிலிருந்து கழன்று வரும்.

அதில் ஒரு கல்லைத் தனியே எடுத்துப் பாருங்கள். பல கற்களில் முழுப் பூ இருக்காது. மூலையில் கால் பூதான் இருக்கும். நான்கு கற்கள் சேர்ந்தால்தான் பூ முழுமையாகும். ஓரத்தில் கோடு கொஞ்சம் விலகினாலும் தரை முழுக்க வெட்டு வெட்டாகத் தெரியும்.

இப்படி ஓரத்தோடு ஓரம் சேர்க்கும் வித்தைக்காகவே பல ஆண்டுகளைச் செலவிட்ட ஓவியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மாரிட்ஸ் கொர்னேலிஸ் எஷர்.

எஷர், 1898 ஜூன் 17ல் நெதர்லாந்து நாட்டின் லீவார்டன் நகரில் பிறந்தார். அப்பா ஒரு இன்ஜினியர். ஆனால், மகனுக்குப் படிப்பு சுத்தமாக வரவில்லை. கணக்கு என்றாலே பயம். ஒரே வகுப்பில் மீண்டும் உட்கார வேண்டி வந்தது. பள்ளி இறுதித் தேர்விலும் பெயில்!

1919ல் கட்டடக்கலை படிக்க ஹார்லெம் நகரத்துப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சாமுவேல் டி மெஸ்கிடா என்ற ஆசிரியர், இந்தப் பையனின் படங்களைப் பார்த்தார். இவன் கட்ட வேண்டியது வீடல்ல, செதுக்க வேண்டியது படம் என்று புரிந்துகொண்டார். மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் கலையைச் சொல்லிக் கொடுத்தார்.

1922ல் எஷர் ஸ்பெயின் போனார். கிரானடா நகரில், முஸ்லிம் மன்னர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்தார். சுவர் முழுக்க நட்சத்திரமும் கட்டமுமாக ஓடுகள்! எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இதேபோல் பறவையையும் மீனையும் இடைவெளி இல்லாமல் அடுக்க முடியாதா என்று யோசித்தார். முயன்று பார்த்தார். சரியாக வரவில்லை, பார்த்தவர்களும் பாராட்டவில்லை. விட்டுவிட்டு, இத்தாலியில் குடியேறி மலைகளையும் ஊர்களையும் வரைந்தார்.

அந்த நாட்டில் முசோலினியின் சர்வாதிகார ஆட்சி நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட கட்சிச் சீருடை மாட்டினார்கள். தன் மகனுக்கும் அந்த நிலை வந்ததைப் பார்த்த எஷர், 1935ல் குடும்பத்தோடு வெளியேறினார்.

மறு ஆண்டு, மனைவி யெட்டாவோடு மீண்டும் அல்ஹம்ப்ரா போனார். இருவரும் நாள்கணக்கில் உட்கார்ந்து ஓடுகளை நகல் எடுத்தனர். பேராசிரியரான அண்ணன் பெரெண்ட், கணித அறிஞர்களின் கட்டுரைகளைத் தேடிக் கொடுத்தார். ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்துத் தளத்தை நிரப்பும் முறைகள் 17 வகைகளுக்குள் அடங்கிவிடும் என்றது ஒரு கட்டுரை. அதிலிருந்த கணக்கு எஷருக்குப் புரியவில்லை. படங்கள் புரிந்தன! அவற்றை வைத்துத் தானே விதிகளைக் கண்டுபிடித்தார். ஒரு பறவையின் வெளிக்கோடுதான் அடுத்த பறவைக்கும் கோடு. இங்கே புடைத்தால் அங்கே பள்ளம் விழ வேண்டும். பல்லி, மீன், பறவை என்று இந்த முறையில் 137 வண்ணப் படங்களை வரைந்து குவித்தார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் மெஸ்கிடா யூதர். 1944ல் நாஜிகள் அவரைக் குடும்பத்தோடு பிடித்துப்போய்க் கொன்றுவிட்டனர். விஷயம் அறிந்து அவர் வீட்டுக்குப் போன எஷர், தரையில் சிதறிக் கிடந்த படங்களைப் பொறுக்கி எடுத்து, போர் முடியும் வரை பத்திரமாகப் பாதுகாத்தார். சிப்பாயின் பூட்ஸ் தடம் பதிந்த ஒரு படத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

1954ல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணித மாநாடு நடந்தது. அதையொட்டி எஷரின் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. கணித மேதைகள் வியந்து நின்றனர். கணக்கில் தடுமாறிய பையனின் படங்கள், பிறகு கணிதப் புத்தகங்களிலேயே இடம் பிடித்தன! 1972 மார்ச் 27ல் எஷர் மறைந்தார்.

இன்று நீங்கள் விளையாடும் வீடியோ கேமில் கண்ணுக்கு எட்டும் வரை புல்வெளி தெரிகிறதே, அது முழுவதையும் யாரும் வரைவதில்லை. ஒரே ஒரு சதுரப் படம்தான். ஆத்தங்குடிக் கல் மாதிரி அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அதைச் செய்பவர்கள் முதலில் படத்தைப் பாதி தூரம் நகர்த்துவார்கள். வலப்பக்கம் வெளியே போனது இடப்பக்கம் உள்ளே வரும். ஓரத்தில் ஒளிந்திருந்த ஒட்டு, நடுவில் வந்து காட்டிக்கொடுத்துவிடும்! அதை அழித்துச் சரிசெய்தால் வேலை முடிந்தது. ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் படத்தில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பூ இருந்தால், வரிசை வரிசையாக அதே பூ தெரிந்து குட்டு உடைந்துவிடும்.

நீங்களும் செய்து பாருங்களேன்! ஒரு சதுர அட்டையின் இடது ஓரத்தில் வளைவாக ஒரு துண்டை வெட்டுங்கள். அதைத் திருப்பாமல் நேராக நகர்த்தி, வலது ஓரத்தில் ஒட்டுங்கள். மேல் ஓரத்தில் வெட்டியதைக் கீழ் ஓரத்தில் ஒட்டுங்கள். இந்த அட்டையைப் பேப்பரில் வைத்து, பக்கத்தில் பக்கத்தில் வரைந்துகொண்டே போங்கள். துளி இடைவெளிகூட விழாது. உங்கள் அட்டை மீன் மாதிரி இருக்கிறதா, பூனை மாதிரியா? ஒரு கண் வரைந்துவிடுங்கள், தெரிந்துவிடும்!