கடற்போரை வரலாறாக்கிய மார்க்க மேதை

மத்ரஸாக்களில் நாம் ஓதும் ஷாஃபிஈ சட்டநூல் ‘ஃபத்ஹுல் முயீன்’. அதனை இயற்றிய 16ஆம் நூற்றாண்டின் பொன்னானிப் பேரறிஞர் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் சிறந்த வரலாற்றாசிரியருமாவார்கள்.

அன்னார் அரபியில் வரைந்த ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’, 1498 முதல் 1583 வரை மலபார்க் கரையில் பறங்கியர் நிகழ்த்திய கடற்போர்களை விவரிக்கிறது. பறங்கியரின் அனுமதிச் சீட்டின்றிச் சென்ற மரக்கலங்கள் பறிக்கப்பட்டதையும், மிளகு வாணிபம் கைநழுவியதையும் அதில் காண்கிறோம். முஸ்லிம்களுக்குத் துணைநின்ற கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரை நன்றியுடன் போற்றிய அன்னார், உதவ முன்வராத முஸ்லிம் அரசர்களைக் கண்டிக்கவும் தயங்கவில்லை.

போர்த்துக்கீசியரும், 1613இல் கெல்டிரியா கோட்டை எழுப்பிய டச்சுக்காரரும் வந்திறங்கிய பழவேற்காட்டில் வாழும் நமக்கு இவ்வரலாறு அந்நியமன்று. கடல்வழி பிறர் கைக்குப் போனால் கரையின் பிழைப்பும் போய்விடும். நம் பிள்ளைகள் அன்னாரின் சட்டநூலோடு இந்நூலையும் ஓதட்டும்!